கசிகிற இடத்தில் மண் போடுவோம்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் முதலாந் திகதி உலக எயிட்ஸ் தினம் வருகிறது. 1988ஆம் ஆண்டிலிருந்து இருந்துவரும் வழக்கம் இது. அன்றைக்கு எமது பிரதேசங்களிலும் பாடசாலைப் பிள்ளைகள் பதாகை பிடித்து வீதியில் நடக்கிறார்கள். சந்தியிலோ பொது மண்டபத்திலோ ஒரு கூட்டம் நடக்கிறது. அதிகாரிகள் பேசுகிறார்கள், சமயத் தலைவர்கள் பேசுகிறார்கள். பிள்ளைகள் குளிர்பானம் குடித்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். இதில் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஊர்வலத்தில் நடந்தவர்களில் எத்தனை பேர் எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்தில் இருப்பவர்கள் என்று கேட்டால், அநேகமாக ஒருவரும் இல்லை என்பதே பதில். உண்மையான ஆபத்தில் இருப்பவர்கள் அந்த நேரம் எமது கண்ணில் படாத வேறு இடங்களில் இருந்தார்கள். ஊர்வலத்துக்குச் செலவான பணத்தில் ஒரு சதமும் அவர்களிடம் போய்ச் சேரவில்லை.

இந்த நோயைத் தடுக்கும் பணமும் ஆளும் மருந்தும் முதலில் யாரிடம் போகவேண்டும் என்பதே நாம் இங்கு பேச விரும்பும் விடயம். இது வைத்தியர்களின் வேலை, காணியையும் கமத்தையும் விட்டு வந்து உறவினர் வளவில் கொட்டில் போட்டிருக்கும் குடும்பத்துக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கக்கூடும். இருக்கிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

குளத்தோடு வாழ்ந்தவர்களுக்கு ஒன்றைச் சொல்லித் தரத் தேவையில்லை. மாரி மழையில் குளம் முட்டி, கட்டில் ஓரிடத்தில் நீர் கசியத் தொடங்கினால், ஊர் முழுவதும் மண்வெட்டியோடும் மண் மூட்டையோடும் அந்த இடத்துக்கே ஓடும். கட்டின் முழு நீளத்துக்கும் ஆளுக்கொரு கூடை மண்ணைச் சமமாகப் பரப்பிவிட்டு, எல்லா இடத்துக்கும் நீதி செய்தோம் என்று எவரும் வீட்டுக்குப் போய்ப் படுப்பதில்லை. கசிந்த இடம் உடைந்தால் வயலும் வளவும் சேர்ந்தே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அத்தோடு, கசிகிற இடத்தில் நின்று அதைத் திட்டுபவரும் இல்லை. அதுவும் எங்கள் கட்டுத்தான்.

எமது நாட்டில் இலங்கையர் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக அறியப்பட்டது 1987இல். அதன் பின் இத்தனை ஆண்டுகள் கழிந்தும், 15 முதல் 49 வயது வரையானோரில் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவைக்கூட இத்தொற்று எட்டவில்லை. இது பெரிய காரியம். ஆயினும் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுவோர் தொகை ஏறிவருகிறது. 2022இல் 607 பேர். 2023இல் ஏறக்குறைய 700 பேர். பரிசோதனை கூடியதும் இதற்கு ஒரு காரணம், ஆனால் அது மட்டுமே காரணம் அல்ல. இவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். ஆண்களுக்கிடையிலான பாலுறவு வழியாகத் தொற்றியவர்களே அவர்களுள் பெரிய பங்கினர். உலகக் கணக்கை எடுத்தாலும், 2022இல் புதிதாகத் தொற்றியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சில குறிப்பிட்ட பகுதியினரும் அவர்களது துணைவர்களுமே என்று ஐக்கிய நாடுகளின் எயிட்ஸ் அமைப்பு கணித்திருக்கிறது. பாலியல் தொழிலில் இருப்போர், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கைகள், ஊசி மூலம் போதைப்பொருள் ஏற்றுவோர், சிறையில் இருப்போர் ஆகியோரே அப்பகுதியினர். எமது நாட்டில் உல்லாசப் பயணிகளை அண்டிக் கடற்கரைகளில் வாழும் இளைஞர்களையும் சுகாதாரப் பகுதியினர் இந்தப் பட்டியலில் சேர்த்துள்ளனர்.

எல்லா நாட்டுக்கும் இதே கணக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தென் ஆபிரிக்காவை ஒட்டியுள்ள எஸ்வாத்தினி என்ற சிறு நாட்டில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய நான்கு பேருக்கு ஒருவர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார். அங்கே கட்டு முழுவதுமே கசிகிறது. அங்கு ஒரு பகுதியினரை மட்டும் தேடிப்போனால் மற்றவர்களைக் கைவிட்டதாக முடியும். எங்கள் நிலை அதுவல்ல. எங்களிடம் கசிவு சில இடங்களில்தான். அது எங்கே என்று தெரியும்போது, மண்ணை வேறெங்கும் கொட்டுவதற்கு நியாயம் இல்லை.

இந்த இடத்தில் வாசகர் பலருடைய மனதில் ஒரு கேள்வி எழும், எழுவதும் நியாயமே. எங்கள் பிள்ளை படிக்கும் கொட்டிலுக்குக் கூரை இல்லை, குடிதண்ணீர் பவுசரில் வருகிறது, சொந்த வயலில் கால் வைக்க இன்னும் அனுமதி இல்லை. இந்த நிலையில், தாங்களாகவே தேடிக்கொண்ட நோய்க்காக அப்படிப்பட்டவர்களுக்கு முதலிடம் கொடுப்பதா? கோயில் முற்றத்தில் நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தைகள் இவை. பதிலாகத் தாய்லாந்தின் கதையைச் சொல்வோம்.

1980களின் கடைசியில் தாய்லாந்தில் இந்நோய் காட்டுத்தீ போலப் பரவியது. பாலியல் தொழில் நடந்த விடுதிகளிலிருந்து அங்கு போன ஆண்களுக்கும், அவர்களிடமிருந்து வீட்டிலிருந்த மனைவிமாருக்கும், மனைவிமாரிடமிருந்து பிறக்கும் பிள்ளைகளுக்கும் அது போனது. 1993 அளவில் படைக்கு எடுக்கப்பட்ட இளைஞர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் மிகப் பலர் நெல் விளையும் கிராமங்களின் பிள்ளைகள், கமக்காரர் வீட்டுப் பையன்கள். அந்நாட்டின் வைத்தியரான விவாத் ரோஜனபித்தயாகோர்ன் 1989இல் ராட்சபுரி மாகாணத்தில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். அம்மாகாணத்தின் எல்லா விடுதிகளும் ஒரே நாளிலிருந்து ஒரே விதியைக் கைக்கொள்ள வேண்டும்: ஆணுறை இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஆளை அனுப்பிவிட வேண்டும். ஒரு விடுதி மட்டும் அப்படிச் செய்தால் வாடிக்கை பக்கத்து விடுதிக்குப் போய்விடும். எல்லோரும் செய்தால் போக இடம் இல்லை. விதியை மீறினால் தண்டனை விடுதி முதலாளிக்கு, பெண்ணுக்கு அல்ல. இந்த ஏற்பாட்டின் கெட்டித்தனம் முழுவதும் இதில்தான் இருந்தது என்பது எமது எண்ணம். 1991இல் இது நாடு முழுவதற்கும் விரிந்தது. 1989இல் விடுதிகளில் ஆணுறைப் பாவனை நூற்றுக்கு 14 அளவில் இருந்தது. 1993இல் 90ஐத் தாண்டியது. 1991இல் ஏறக்குறைய 143,000 பேருக்குப் புதிதாகத் தொற்றியது. 2003இல் அது ஏறக்குறைய 19,000 ஆகக் குறைந்தது. விடுதி வாசலையே காணாத பல்லாயிரம் கிராமத்துப் பெண்களும் அவர்களது குழந்தைகளும் இதனால் பிழைத்தார்கள். யாருக்கு முதலிடம் கொடுத்தார்கள், யார் காப்பாற்றப்பட்டார்கள் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் அதே தாய்லாந்து இரண்டு கசிவுகளைப் பார்க்காமல் விட்டது. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களைப் பற்றி நெடுநாள் எவரும் கணக்கெடுக்கவில்லை. பின்னர் பாங்கொக்கில் எடுத்துப் பார்த்தபோது 2003இல் அவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கும், 2005இல் நூற்றுக்கு 28 பேருக்கும் தொற்று இருந்தது. ஊசி ஏற்றுவோர் விடயத்தில் நடந்தது இன்னும் மோசம். 2003இல் அன்றைய பிரதமர் தக்சின் சினவத்ரா ‘போதைக்கு எதிரான போர்’ ஒன்றைத் தொடங்கினார். சில மாதங்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியோர் பயத்தில் வைத்தியசாலைப் பக்கமே வராமல் ஒளித்தார்கள். ஊசியோ ஒளிவிடங்களில் கை மாறிக்கொண்டே இருந்தது.

ஊசியைப் பற்றி இங்கு சற்று அழுத்திச் சொல்கிறோம். இந்தியாவின் மணிப்பூர் மாநிலத்தில் 1989, 1990 காலப்பகுதியில் ஊசி வழி ஹெரோயின் பாவித்த இளைஞரிடையே இத்தொற்று நுழைந்தது. ஓராண்டுக்குள் அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது பரவியிருந்தது. பாலுறவு வழி பல ஆண்டுகள் எடுக்கும் பரவல் ஊசி வழி சில மாதங்களில் நடந்து முடிந்துவிடுகிறது. அண்மைய ஆண்டுகளில் எமது வடபகுதியிலும் இளைஞர் சிலர் ஹெரோயினை ஊசி மூலம் ஏற்றுவதாகச் செய்திகள் வருகின்றன. தொகை இன்னும் சிறிது. சிறிதாக இருக்கும்போது ஓடிப்போய் மண் போடுவதே புத்தி. 2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கை போல வீடு வீடாகப் பிடித்து அடைப்பதை மட்டும் நம்பினால், தாய்லாந்தில் நடந்ததே இங்கும் நடக்கலாம். போதைப்பொருள் விற்பவனைப் பிடிக்கட்டும், அதற்கு எமது ஆதரவு உண்டு. ஊசியோடு கிடக்கும் பையனுக்கு வேண்டியது வைத்தியம்.

ஆபத்தில் உள்ளோரை நாடிப் போவது என்றால் எப்படிப் போவது? கல்கத்தாவின் சோனாகச்சி இதற்கு ஒரு பாடம். பாலியல் தொழில் நடக்கும் அந்தப் பெரிய குடியிருப்பில் 1992இல் ஸ்மரஜித் ஜனா என்ற வைத்தியர் ஒரு வேலைத்திட்டத்தைத் தொடங்கினார். (2021இல் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது.) அவர் வெளியிலிருந்து போதகர்களைக் கூட்டிப் போகவில்லை. அங்குள்ள பெண்களிலேயே சிலரைப் பயிற்றி, அவர்களையே மற்றப் பெண்களிடம் அனுப்பினார். சில நாட்களிலேயே ஒன்று வெளிச்சமாயிற்று. ஆணுறையின் அவசியம் அந்தப் பெண்களுக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் வற்புறுத்த முடியவில்லை. ஏன்? கடன்காரன் வாசலில் நிற்கிறான். வாடிக்கைக்காரன் ஆணுறை இல்லாமல் என்றால் கூடக் காசு தருகிறேன் என்கிறான். அடுப்பு எரியவேண்டும். இந்த நிலையில் எந்தப் போதனை நிற்கும்? எனவே 1995இல் அவர்கள் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். கந்துவட்டிக்காரனிடம் போகாமல் கடன் எடுக்கவும், சேமிக்கவும் வழி பிறந்தது. பிள்ளைகளின் படிப்புக்கும் ஏற்பாடு நடந்தது. பம்பாயில் 1990களில் இத்தொழிலில் இருந்த பெண்களில் பாதிப்பேர் வரை தொற்றுக்கு ஆளாகியிருந்த காலத்தில், சோனாகச்சியில் அது நூற்றுக்குப் பத்து அளவைப் பெரிதும் தாண்டவில்லை.

ஐக்கிய நாணய சங்கமும் நுண்கடன் தவணையும் என்னவென்று தெரிந்த எமது தாய்மாருக்கு இந்தக் கதையில் விளக்கம் தேவைப்படாது. தவணைக்காரர் முற்றத்தில் குந்தியிருக்கும்போது ஒரு விதவைத் தாய் எதற்கெல்லாம் சம்மதிக்க நேர்கிறது என்பதை நாம் அறிவோம். உதவிப் பட்டியலில் பெயர் போடவே பாலியல் இலஞ்சம் கேட்கப்படும் கதைகளையும் நாம் கேட்டிருக்கிறோம். ஆபத்து என்பது ஒருசாராரின் இரத்தத்தில் ஊறியது அல்ல. வறுமையும் தனிமையும் பயமும் கூடும் இடத்தில் அது பிறக்கிறது. ‘அப்படிப்பட்டவர்கள்’ என்று நாம் தள்ளிவைக்கும் ஒரு பெண், நேற்றுவரை இன்னொரு ஊரில் நெல் அவித்துக் காயவைத்த பெண்ணாக இருக்கலாம்.

இனி, இந்த அணுகுமுறை பிழைத்துப்போகும் விதத்தையும் பார்க்கவேண்டும். ஆபத்தில் உள்ளோரைத் தேடுவது மிக எளிதில் அவர்களை வேட்டையாடுவதாக மாறிவிடும். 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் மதராசில் கண்டறியப்பட்டன. வைத்தியர் சுனிதி சொலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த பரிசோதனை அது. தொற்று இருந்தவர்கள் ஆறு பாலியல் தொழிலாளப் பெண்கள். விஞ்ஞானத்தில் அது ஒரு சாதனை. ஆனால் அதன் பின்னான ஆண்டுகளில் தொற்று இருந்த பெண்கள் தண்டனைக் காலம் முடிந்தும் காப்பகத்தில் பூட்டி வைக்கப்பட்டார்கள். நீதிமன்றத்துக்குப் போன பின்பே அவர்களுக்குக் கதவு திறந்தது. 1989இல் கோவாவில் டொமினிக் டி’சூசா என்ற கத்தோலிக்க இளைஞர், இரத்ததானம் செய்யப் போனதால் தொற்று இருப்பது தெரியவந்து, பொலிசாரால் கொண்டுபோகப்பட்டு, பழைய காசநோய் வைத்தியசாலை ஒன்றில் 64 நாட்கள் தனியே அடைக்கப்பட்டார். வெளியே வந்த அவர் தம்மைப் போன்றவர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கிவிட்டு 1992இல் காலமானார். பூட்டி வைத்ததால் கோவாவில் ஒருவருக்காவது தொற்று வராமல் நின்றதா? இல்லை. மற்றவர்கள் பரிசோதனைக்குப் போகப் பயந்ததுதான் கண்ட பலன்.

எமது நாட்டில் நடந்த இன்னொரு பிழை பலருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் இலங்கையில் எச்.ஐ.வி. உள்ள பெண்கள் என்று பதிவானோரில் கணிசமானோர் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகப் போய்வந்தவர்கள். உடனே, அரபு நாட்டுக்குப் போகும் பெண்கள்தான் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள், அயலார் கேட்டார்கள், ஏன், புருஷன்மாரே கேட்டார்கள். உண்மை என்னவென்றால், வேலைக்குப் போகும் நாடுகள் கட்டாயப்படுத்தியதால் அந்தப் பெண்கள் எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை நடந்தது. வேறு எந்தப் பகுதியினருக்கும் அப்படிக் கூட்டமாக நடக்கவில்லை. சோதித்த இடத்தில் கண்டார்கள். சோதிக்காத இடத்தில் காணவில்லை. ஒரு வயலை மட்டும் பார்த்துவிட்டு ஊரில் அந்த வயலுக்கு மட்டுந்தான் நோய் என்று சொன்னது போன்றது இது. எங்கே கசிகிறது என்று முதலில் முறையாகப் பார்க்கவேண்டும். அப்படிப் பாராமல் சுட்டிக்காட்டும் விரல், எதிர்த்துப் பேச வலுவில்லாதவரையே சுட்டிக்காட்டும்.

இடம்பெயர்ந்தோரை நோக்கியும் அந்த விரல் நீண்டதுண்டு. முகாம்களில் இருப்பவர்கள் நோய் பரப்புகிறார்கள் என்ற சொல்லைக் கேளாத அகதிகள் உலகில் குறைவு. கொலராவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள், எயிட்சுக்கும் அப்படித்தான். ஆபிரிக்காவிலும் இவ்வாறே நம்பப்பட்டது. 2007இல் ‘லான்செற்’ என்ற மருத்துவ சஞ்சிகையில் போல் ஸ்பீகல் என்ற வைத்தியரும் அவரது சகபாடிகளும் கொங்கோ, ருவாண்டா, உகண்டா உட்பட ஏழு ஆபிரிக்க நாடுகளின் விபரங்களை ஒன்றாக வைத்து ஆராய்ந்து எழுதினார்கள். போரும் இடப்பெயர்வும் இத்தொற்றைப் பெருக்கின என்றோ, அகதிகள் தாம் தஞ்சம் புகுந்த ஊரவருக்கு அதைப் பரப்பினார்கள் என்றோ சொல்வதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. எனவே, இடம்பெயர்ந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக முகாம் முழுவதையும் இரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கவைக்க எவராவது முயன்றால், ஏன் என்று கேட்க எமக்கு உரிமை உண்டு. அதே நியாயத்தால், பாலியல் தொழிலில் இருக்கும் பெண்ணையும், ஆண்களோடு உறவு கொள்ளும் இளைஞனையும் பட்டியல் போட்டுப் பிடிக்க எவராவது முயன்றாலும் நாம் அதே கேள்வியைக் கேட்கவேண்டும். கட்டுரையின் தொடக்கத்தில் பின்னர் வருவோம் என்று சொன்னது இதைத்தான்.

சட்டமும் இதில் குறுக்கே நிற்கிறது. 1841இல் வெள்ளையர் கொண்டுவந்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தைக் கொண்டு, வீதியில் நிற்கும் பெண்களைப் பொலிசார் பிடித்துப் போகிறார்கள். கைப்பையில் ஆணுறை இருந்ததையே குற்றத்துக்குச் சாட்சியாகக் காட்டியதாக முறைப்பாடுகள் உண்டு. ஒரு கையால் சுகாதார அமைச்சு கொடுப்பதை மறு கையால் பொலிஸ் பறித்தால் யார் வாங்குவார்? ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் பிரிவுகளை மாற்ற 2023இல் பாராளுமன்றத்தில் ஒரு சட்டமூலம் வந்தது. அது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றமும் கருத்துரைத்தது. 2024இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது அது நிறைவேறாமலே போயிற்று. ஒழுக்கம் பற்றித் திருச்சபை போதிப்பது ஒன்று. நோயாளியைச் சிறைப்படுத்தும் சட்டம் வேறொன்று. முதலாவதைக் கடைப்பிடிக்க இரண்டாவது தேவையில்லை என்பதே எமது துணிபு.

ஆணுறையைப் பற்றி எழுதிவிட்டு, ஒரு குருவானவரின் பேனா இதை எழுதலாமா என்ற கேள்வியைத் தவிர்த்துப் போக முடியாது. திருமணத்தில் பிரமாணிக்கம், திருமணத்துக்கு வெளியே தன்னடக்கம் என்பதே திருச்சபையின் படிப்பினை. அதை நாம் மறைக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. ஆனால் ஆணுறை நோயைத் தடுக்காது என்று சிலர் மேடையில் சொல்வது படிப்பினை அல்ல, பொய். 2010இல் வெளியான ஒரு நேர்காணல் நூலில் பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பரும், பாலியல் தொழிலில் இருக்கும் ஒருவர் மற்றவருக்குத் தொற்றாமல் இருக்கும் எண்ணத்தோடு அதைப் பாவிப்பது, பொறுப்புணர்வை நோக்கிய ஒரு முதலடியாக இருக்கக்கூடும் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனின் உவமையை ஆண்டுதோறும் பிரசங்கிக்கிறோம். அந்த ஆடு எப்படிக் காணாமற் போயிற்று என்று விசாரித்த பிறகு அவன் புறப்பட்டதாக அதில் இல்லை.

சிகிச்சையும் இப்போது தடுப்பின் ஒரு பகுதியாகிவிட்டது. இதை இன்னும் பலர் அறியவில்லை. நோயை அடியோடு மாற்றும் மருந்து கிடையாது. ஆனால் நாளாந்தம் குளிசை எடுப்பவரின் இரத்தத்தில் கிருமி கருவிகளுக்கே தென்படாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அந்நிலையில் அவரிடமிருந்து பாலுறவு வழியாக எவருக்கும் தொற்றாது. 2011இலும் அதன் பின்னரும் வெளிவந்த பெரிய ஆய்வுகள் இதை ஐயமற நிறுவியுள்ளன. இலங்கையில் 2004 முதல் இந்த மருந்து இலவசம். ஆகவே மருந்து எடுக்கும் ஒருவரைக் கண்டு பயப்படக் காரணமே இல்லை. பயப்பட வேண்டியது, எமது வாய்க்குப் பயந்து மருந்து எடுக்கப் போகாத ஒருவரின் நிலையைக் குறித்தே. 2016இல் வடமேல் மாகாணத்தில் ஒரு சிறுவனுக்கு இந்நோய் இருப்பதாக வதந்தி பரவி, பெற்றோர் தம் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து மறித்துக்கொண்டார்கள். அச்சிறுவனுக்கு நோயே இருக்கவில்லை. நோய் இருந்திருந்தால்தான் என்ன? பக்கத்து வாங்கில் இருந்து படிப்பதால் தொற்றும் நோயா இது?

எல்லாவற்றையும் ஆபத்தில் உள்ளோருக்கே கொடுங்கள், மற்றவருக்கு ஒன்றும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சில காரியங்கள் எல்லோருக்கும் நடந்தேயாக வேண்டும். தானம் செய்யப்படும் இரத்தம் முழுவதும் சோதிக்கப்பட வேண்டும். கர்ப்பிணித் தாய்மார் எல்லோருக்கும் பரிசோதனை வேண்டும். எமது குடும்ப நல உத்தியோகத்தர்கள் வெள்ளத்திலும் வெயிலிலும் சைக்கிளில் திரிந்து செய்த வேலையின் பலனாக, தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் கிரந்தி நோயும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. கிளினிக்கில் இந்தப் பரிசோதனைக்குச் சம்மதம் கேட்டால் தாய்மார் தயங்க வேண்டியதில்லை. எல்லாத் தாய்மாரிடமும் கேட்கிறார்கள்.

பணம் குறைந்துவரும் காலம் இது. 2025 ஜனவரியில் ஐக்கிய அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளைத் திடீரென நிறுத்தி வைத்தபோது பல நாடுகளில் இத்துறையின் வேலைகள் நடுவழியில் நின்றன. மறுபக்கத்தில், ஆண்டுக்கு இரண்டு ஊசி போட்டால் தொற்றைத் தடுக்கும் லெனகாபவிர் என்ற புதிய மருந்தை அதே ஆண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. மருந்து நல்லது, எல்லோருக்கும் காணாது. யாருக்கு முதலில் என்ற கேள்வி நாளை இன்னும் கடுமையாக எழும். குறையும் பணத்தில் முதலில் வெட்டுப்படுவது ஊர்வலமாக இருக்கட்டும். இரவில் வீதியில் நிற்கும் பெண்ணிடம் போய்ப் பேசும் ஊழியரின் சம்பளத்தில் கை வைக்கவேண்டாம் என்று சுகாதாரப் பகுதியினரையும், எமது திருச்சபை நிறுவனங்களையும் கேட்கிறோம்.

வாசகரிடம் கேட்பது சிறியது. யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் அரசாங்க வைத்தியசாலைகளில் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் உண்டு. துண்டு தேவையில்லை, பணம் தேவையில்லை, போகிறவரின் விபரத்தை வெளியில் சொல்லமாட்டார்கள். வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணை 72 மணித்தியாலத்துக்குள் அங்கு கொண்டுபோனால், தொற்றாமல் காக்கும் மருந்தைத் தொடங்கலாம். மாதர் சங்கங்கள் இந்த ஒரு விபரத்தையாவது மனதில் வைத்திருக்கவேண்டும். அந்த நேரத்தில் யோசித்து முடிவெடுக்க அவகாசம் இராது.

மருந்து இலவசமென்றாலும் அதை எடுக்கப் போகும் பஸ் இலவசமல்ல. தூரக் கிராமத்திலிருந்து கிளினிக்குக்குப் போய்வர ஒரு நாட் கூலியும் போய்விடுகிறது. இதனாலேயே மருந்தை இடையில் விட்டவர்கள் உண்டு. பங்குகள் சிலவற்றில் நோயாளரின் பயணச் செலவுக்கென்று ஒரு சிறு நிதி இருக்கிறது. கேட்டு வருபவரிடம் என்ன நோய் என்று விசாரித்து, பிறகு அதைச் சபையில் வாசித்துக் காசு கொடுக்கும் முறையே பெரும்பாலும் நடக்கிறது. கிளினிக் கொப்பியில் திகதியை மட்டும் பார்த்துக் கொடுத்தால் என்ன? நீரிழிவுக்காரர், காசநோய்க்காரர், இதயநோய்க்காரர் எல்லோருக்கும் அதே முறை என்றால் எவர் மேலும் கண் விழாது. பொருளாளர் கணக்குக் காட்டுவது எப்படி என்று கேட்பார். ‘வைத்தியசாலைப் பயணம்’ என்று எழுதினால் போதும்.